கொத்திப் பசளையிடும் நாற்பது நாள்கள்

தவக்காலப் பாடம்

வாசிக்க வேண்டிய இறைவார்த்தை: லூக்கா 13:1–9

பாடத்தின் நோக்கம்: எமக்கு இழைக்கப்பட்ட அநீதியையும் நாம் செய்த தவறையும் வேறுபிரித்து அறிதல். தவக்காலத்தின் ஆறு வாரங்களிலும் குடும்பமாகவும் சிறு குழுவாகவும் ஆத்தும சோதனை செய்யப் பழகுதல்.



ஊரில் இருந்த காலத்தில் தவக்காலம் வருவதை நாட்காட்டி பார்த்து அறிந்தவர்கள் அல்லர் நாம். காலபோக நெல் அரிவு வெட்டி, சூடு மிதித்து, வைக்கோலைப் போராக வைத்து முடிக்கும்போது மாசி மாதம் பிறந்திருக்கும். குத்தகை நெல்லை அளந்து கொடுப்போம். சங்கக்கடைக் கடனைத் தீர்ப்போம். அடுத்த போகத்துக்கு விதை நெல்லை ஒதுக்கி வைப்போம். பனி குறைந்து வெயில் ஏறும் அந்த நாள்களில் விபூதிப் புதன் வரும். வயற் கணக்கு முடிக்கும் காலமும் ஆத்துமக் கணக்குப் பார்க்கும் காலமும் ஒன்றாகவே வந்தன.

இன்று எம்மில் பலர் வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் சிறிய வீட்டிலோ, கொட்டாஞ்சேனை ஒழுங்கை ஒன்றின் வாடகை அறையிலோ இருக்கிறோம். சிலர் 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியவர்கள். சிலர் 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு மழைக்குள் நடந்தவர்கள். சிலர் 2009இல் வன்னியில் எல்லாவற்றையும் விட்டு வந்தவர்கள். வலிகாமம் வடக்கில் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன என்றாலும், 2025ஆம் ஆண்டிலும் எல்லாம் உரியவர் கைக்கு வந்து சேரவில்லை. காணி திரும்பக் கிடைத்தவர்களிலும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் தொழிலுக்காகவும் இங்கேயே தங்கிவிட்டவர்கள் உண்டு.

கொழும்பில் மாசியும் ஒன்றுதான், ஆவணியும் ஒன்றுதான். அரிசி கிலோக் கணக்கில் கடையிலிருந்து வருகிறது. மழை பெய்தால் உடுப்புக் காயவில்லை என்று கவலைப்படுகிறோமே தவிர, விதைப்பைப் பற்றி நினைப்பதில்லை. பருவங்களை இழந்த எமக்குத் திருச்சபை வைத்திருக்கும் பருவம் ஒன்று எஞ்சியிருக்கிறது. அதைக் கைவிடாமல் எப்படிப் பயன்படுத்துவது என்பதே இப்பாடம்.

1. தவக்காலம் என்பது என்ன?

விபூதிப் புதன் தொடக்கம் பெரிய சனி வரை 46 நாள்கள். அவற்றில் வரும் 6 ஞாயிறுகளும் ஆண்டவரின் உயிர்ப்பை நினைவுகூரும் நாள்கள் என்பதால், அவற்றைக் கழித்து 40 நாள்கள் என்று எண்ணுகிறோம். உயிர்த்த ஞாயிறு மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் வருவதால், விபூதிப் புதன் பெப்ரவரி 4க்கும் மார்ச் 10க்கும் இடையில் விழும். கத்தோலிக்கர் தவக்காலம் என்று சொல்வதை மெதடிஸ்த, அங்கிலிக்கன், தென்னிந்தியத் திருச்சபைச் சகோதரர்கள் லெந்து காலம் என்பர். மோசேயும் எலியாவும் நோன்பிருந்த நாள்களும், ஆண்டவர் பாலைநிலத்தில் இருந்த நாள்களும் நாற்பதே.

இது துக்கம் கொண்டாடும் காலமாக ஏற்படுத்தப்பட்டதன்று. ஆதித் திருச்சபையில் உயிர்ப்புப் பெருவிழா இரவில் ஞானஸ்நானம் பெறவிருந்தோர் இக்காலத்தில் ஆயத்தம் செய்தார்கள். பெரும் பாவத்தில் விழுந்து விலகியிருந்தோர் மீண்டும் ஒப்புரவாகவும் இதுவே காலமாயிற்று. 325இல் கூடிய நீசேயாப் பொதுச்சங்கம் தனது 5ஆம் விதியில், ஆயர்கள் இந்த நாற்பது நாள்களுக்கு முன்னர் கூடி வழக்குகளைத் தீர்க்க வேண்டும் என்றும், மனக்கசப்புகள் நீங்கிய பின் தூய காணிக்கையைக் கடவுளுக்குச் செலுத்த வேண்டும் என்றும் ஒழுங்கு செய்தது. அயலாருடன் உள்ள கணக்கைத் தீர்ப்பது அன்று தொட்டே இக்காலத்தின் வேலையாக இருந்து வருகிறது.

எமது நாட்டிலும் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலத்தில், புனித யோசேப்பு வாஸ் அடிகளார் 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். குருக்களும் திறந்த ஆலயங்களும் இல்லாத அந்நாள்களில் மக்கள் இரவில் வீடுகளில் கூடி விசுவாசத்தைக் காத்தார்கள். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரை எம் முன்னோர் சாங்கோபாங்க சுவாமியார் என்று அழைத்தனர். ஆண்டவரின் திருப்பாடுகளைப் பற்றி அவர் இயற்றிய வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் ஆலயத்தில் நீட்டி வாசிக்கக் கேட்ட நினைவு எமது மூத்தோருக்கு இருக்கும். யோசேப்பு வாஸ் அடிகளாரைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரி 14ஆந் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் புனிதராக அறிவித்தார். சொந்த ஆலயம் அருகில் இல்லாதபோதும் ஒரு வீட்டுக்குள் இக்காலத்தை அனுசரிக்கலாம் என்பதற்கு எம் முன்னோரே சாட்சிகள்.

2. எமது துன்பம் எமது பாவத்தின் தண்டனையா?

ஆத்தும சோதனை என்றவுடன் எம்மவர் பலரின் மனம் கசக்கிறது. "எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள் நாங்கள். எங்களுக்குச் செய்தவர்கள் அல்லவா தங்களைச் சோதித்துப் பார்க்க வேண்டும்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வேறு சிலர் இதற்கு எதிர்ப்பக்கம் போய், "என்ன பாவம் செய்தோமோ, இப்படி அலைகிறோம்" என்று தம்மையே நொந்துகொள்கிறார்கள்.

லூக்கா 13ஆம் அதிகாரத்தில் சிலர் ஆண்டவரிடம் ஒரு செய்தி கொண்டு வருகிறார்கள். கலிலேயர் சிலர் பலி செலுத்திக்கொண்டிருந்த வேளையில் பிலாத்து அவர்களைக் கொன்றுவிட்டான். வழிபாட்டில் இருந்தவர்களை அரச படை கொன்ற செய்தி அது. அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்பதாலா இப்படி நேர்ந்தது என்று ஆண்டவரே கேட்டு, அப்படியல்ல என்று அவரே பதில் சொல்கிறார். அத்தோடு சீலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் இறந்ததையும் எடுத்துக்காட்டி, அவர்களும் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்லர் என்கிறார்.

இதை விளங்கிக்கொள்ள நாம் தொலைவுக்குப் போக வேண்டியதில்லை. கொட்டாஞ்சேனைக்கு அருகே கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலைத் திருப்பலி வேளையில் அங்கே குண்டு வெடித்தது. அன்று நீர்கொழும்பு கட்டுவப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் நடந்த தாக்குதல்களில் மொத்தம் 260க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆலயங்களில் இறந்தவர்களில் பலர் நாற்பது நாள் தவக்காலத்தை நிறைவேற்றி, பாவசங்கீர்த்தனம் செய்து, புத்தாடையோடு வந்தவர்கள். அவர்களுடைய பாவத்தாலா அந்தக் குண்டு வெடித்தது? எந்தக் கிறிஸ்தவனாலும் அப்படிச் சொல்ல முடியாது.

அதுபோலவே 1983 யூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தது அங்கிருந்தோரின் பாவத்தால் அல்ல. 2007 யூன் 7ஆந் திகதி விடியற்காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பியதும் அவர்களுடைய பாவத்தால் அல்ல. மறுநாளே உயர் நீதிமன்றம் அந்நடவடிக்கையை நிறுத்த உத்தரவிட்டது. சில நாள்களில் அன்றைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க அதற்காக வருத்தம் தெரிவித்தார். 1983 யூலைக்காக 2004இல் சனாதிபதி சந்திரிகா குமாரதுங்க மன்னிப்புக் கேட்டார். தவறு எமது பக்கம் இருக்கவில்லை என்பதை நாட்டின் தலைவர்களே ஏற்றுக்கொண்ட வேளைகள் இவை.

ஆகவே முதலில் இதைத் தெளிவாகச் சொல்லிக்கொள்வோம். எமக்கு இழைக்கப்பட்ட அநீதி ஒரு கணக்கு. நாம் செய்த தவறுகள் இன்னொரு கணக்கு. இரண்டையும் ஒரே கொப்பியில் எழுதக் கூடாது. காணியை இழந்ததற்கும் பிள்ளையை இழந்ததற்கும் நாம் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டியதில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடி, 2017 பெப்ரவரி 20ஆந் திகதி கிளிநொச்சியில் வீதியோரத்தில் அமர்ந்த தாய்மார் நீதி கேட்டது மன்னிக்க மறுப்பதாகாது. இரவில் நித்திரை வராததும், வெடிச் சத்தம் கேட்டால் நடுங்குவதும், காரணமின்றி அழுகை வருவதும் பாவங்கள் அல்ல. அவை காயங்கள். அவற்றுக்குப் பங்குத்தந்தையின் ஆறுதலோடு, மருத்துவரின் உதவியும் உளவளத்துணையும் தேவை.

3. அத்திமரமும் தோட்டக்காரரும்

ஆண்டவர் அதோடு நிறுத்தவில்லை. கொல்லப்பட்டவர்கள் பெரிய பாவிகள் அல்லர் என்று சொன்ன அதே மூச்சில், கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, நீங்களும் மனம் மாற வேண்டும் என்கிறார். உடனே விவசாயிக்கு விளங்கும் ஓர் உவமை சொல்கிறார். தோட்டத்தில் ஓர் அத்திமரம். 3 ஆண்டுகளாகக் காய்க்கவில்லை. நிலத்தை வீணாக்குகிறது, வெட்டிவிடு என்கிறார் உரிமையாளர். தோட்டக்காரரோ, இந்த ஓராண்டு பொறுக்கும்படியும், சுற்றிவரக் கொத்திப் பசளையிடுவதாகவும், பிறகு காய்க்காவிட்டால் வெட்டலாம் என்றும் கேட்கிறார்.

காய்க்காத மரத்துக்குப் பாத்தி கட்டி, குழை தாழ்த்து, எருப் போட்டுத் தண்ணீர் விட்ட கைகள் எம்முடையவை. அந்த வேலை மரத்துக்குத் தண்டனை அல்ல என்பது எமக்குத் தெரியும். மண்வெட்டி வேரோரம் போகும்போது சில சிறுவேர்கள் அறுபடத்தான் செய்யும். ஆனால் மண் இறுகிக் கிடந்தால் எவ்வளவு பசளை போட்டாலும் மேலேயே கிடந்து காய்ந்துவிடும். ஆத்தும சோதனை என்பது இறுகிய மண்ணைக் கொத்திவிடும் வேலை.

இழப்புக்கு உள்ளானவர்களுக்கு இது ஏன் மிகவும் தேவை? நீண்ட காலம் துன்பப்பட்ட மனமும் நிலம்போல் இறுகிவிடும். "எனக்கு இவ்வளவு நடந்தது, ஆகையால் நான் செய்வது பெரிய குற்றமல்ல" என்ற எண்ணம் எம்மை அறியாமலே வளரும். வீட்டில் மனைவிக்கு அடித்தவரும், சீட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுக்காதவரும், தம்பியின் பங்கைத் தன் பெயருக்கு மாற்றியவரும் அந்த ஒரே வாக்கியத்தைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். எமக்கு அநீதி செய்தவர்கள் எமது காணியை எடுத்தார்கள். எமது மனச்சாட்சியையும் அவர்கள் கையில் விட்டுவிடக் கூடாது.

எங்கள் குழுவைச் சேர்ந்த முதியவர் ஒருவர் தமது அனுபவத்தைப் பகிர அனுமதி தந்தார். வலிகாமத்துச் செம்மண்ணில் அவருக்கும் தம்பிக்கும் அருகருகே தோட்டம், நடுவே பொதுக் கிணறு. இடம்பெயர்வதற்கு முந்திய ஆண்டில் ஏற்பட்ட கோபத்தில், தம்பியின் வெங்காயப் பாத்திக்குப் போகும் வாய்க்காலை அவர் மண்போட்டு அடைத்தார். தம்பியின் பயிர் கருகியது. பிறகு எல்லோரும் இடம்பெயர்ந்தார்கள். "படை என் காணியைப் பிடித்த கதையை நான் முப்பது வருசமாக எல்லோருக்கும் சொன்னேன். நான் வாய்க்காலை அடைத்த கதையை ஒருவருக்கும் சொன்னதில்லை" என்றார். ஒரு தவக்காலத்தில் அவர் கனடாவில் இருக்கும் தம்பிக்குத் தொலைபேசி எடுத்தார். கிணற்றிலும் வாய்க்காலிலும் தம்பிக்குள்ள பங்கை உறுதியில் எழுதி வைக்கவும் ஏற்பாடு செய்தார். அவருடைய காணி அப்போதும் விடுபட்டிருக்கவில்லை. ஆனால் அந்த வருடம் உயிர்த்த ஞாயிறு தமக்கு உண்மையாகவே வந்தது என்று சொன்னார்.

4. எந்தெந்த நிலத்தைக் கொத்துவது?

பொதுவாக "நான் பாவி" என்று சொல்வது எளிது. விவசாயி "நிலம் சரியில்லை" என்று மட்டும் சொன்னால் போதாது. எந்தத் துண்டு, என்ன குறை என்று பார்க்க வேண்டும். எம்மவருக்குப் பொருந்தும் ஐந்து துண்டுகளைக் குறிப்பிடுகிறோம்.

அ) வீடு. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் வாழும்போது சினம் விரைவில் வரும். வேலையில்லாத ஆண் குடிக்கிறார். உழைக்கும் பெண் சொல்லாலே குத்துகிறார். பிள்ளைகள் இரண்டுக்கும் நடுவே படிக்கிறார்கள். இழப்பின் கோபத்தை எம்மைவிடப் பலம் குறைந்தவர்மீது இறக்கி வைக்கிறோமா?

ஆ) காணியும் கடனும். வெளிநாட்டில் உள்ள சகோதரரின் அற்றோனித் தத்துவத்தை வைத்துக்கொண்டு அவருக்குச் சொல்லாமல் காணியை விற்றோமா, ஈடு வைத்தோமா? ஆளில்லாத அயலவரின் வளவுக்குள் எமது வேலியை நகர்த்தினோமா? பிறர் காணியை 10 ஆண்டுகள் தடையின்றி ஆண்டவர் அதற்கு உரிமை கோர இந்நாட்டுச் சட்டத்தில் இடமுண்டு. போரினால் நீதிமன்றம் போக முடியாதிருந்தவர்கள் அதனால் பாதிக்கப்படாதிருக்க, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் மட்டுப்படுத்திய காலத்துக்கு விசேட ஏற்பாடு செய்தது. சட்டம் தரும் காலம் முடியலாம். பிறர் நிலம் பிறர் நிலமே என்ற கட்டளைக்குக் காலம் முடிவதில்லை.

இ) சாதி. யாழ்ப்பாணத்து ஆலயங்கள் சிலவற்றில் யார் எந்தப் பக்கம் இருப்பது என்ற வழக்கம் இருந்ததை மூத்தோர் அறிவர். இடம்பெயர்ந்து ஒரே கிணற்றில் அள்ளியபோதும், ஒரே வரிசையில் நின்று நிவாரணம் வாங்கியபோதும் அது அழிந்துவிட்டது என்று எண்ணினோம். இன்று கொழும்பில் கலியாணம் பேசும்போது அது மீண்டும் வாயில் வருகிறதா?

ஈ) முஸ்லிம் அயலவர். 1990 ஒக்ரோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். 70,000க்கும் மேற்பட்டோர் சொந்த மண்ணை இழந்தனர். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணி நேர அவகாசம். பலர் புத்தளத்தில் எம்மைப் போலவே கிடுகுக் கொட்டில்களில் வாழ்ந்தார்கள். அந்தக் கட்டளையை நாம் இடவில்லை. ஆனால் அவர்கள் போன பின் அவர்களுடைய கதவும் ஓடும் கட்டிலும் மலிவாக வந்தபோது வாங்கினோமா? அவர்கள் திரும்பி வந்தபோது வரவேற்றோமா? 2019 தாக்குதலின் பின் கொழும்புப் பேராயர் மல்கம் ரஞ்சித் ஆண்டகை பழிவாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். குற்றமற்ற முஸ்லிம் கடைக்காரரை நாம் அன்று எப்படிப் பார்த்தோம்?

உ) எமக்குக் கீழே என்று நாம் எண்ணுவோர். வசதியான வீடுகளில் சமையல் வேலைக்குப் போவோரும் எம்மில் உண்டு. சிறிது வசதி வந்த பின் மலையகத்துப் பிள்ளை ஒன்றை வேலைக்கு வைத்திருப்போரும் உண்டு. 2021இல் இந்நாட்டுச் சட்டம் வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதை 14இலிருந்து 16ஆக உயர்த்தியது. சட்டத்தின் வயதை மட்டும் பார்க்கிறோமா, அல்லது அந்தப் பிள்ளை எங்கே படுக்கிறது, என்ன சாப்பிடுகிறது, எப்போது தாயைக் காண்கிறது என்பதையும் பார்க்கிறோமா? விடுதியிலும் முகாமிலும் எம்மை "அகதி" என்று அழைத்தபோது சுட்டது. நாம் பிறரை எந்தப் பெயரால் அழைக்கிறோம்?

5. செய்யும் முறை

ஆத்தும சோதனைக்குப் பெரிய படிப்பு வேண்டாம். லொயோலா புனித இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகளுக்குத் திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548இல் ஒப்புதல் வழங்கினார். அதில் அவர் காட்டும் ஐந்து படிகளை இன்றும் பின்பற்றலாம். நித்திரைக்குப் போகுமுன் 10 நிமிடம் போதும்.

முதலாவது, அன்று கிடைத்த நன்மைக்கு நன்றி சொல்வது. இரண்டாவது, உண்மையைக் காணும் ஒளியைக் கேட்பது. மூன்றாவது, காலை தொடக்கம் இரவு வரை மணிக்கு மணி நினைவுகூர்வது. நான்காவது, தவறியதற்கு மன்னிப்புக் கேட்பது. ஐந்தாவது, நாளைக்குச் செய்யப்போகும் ஒரு திருத்தத்தைத் தீர்மானிப்பது. நன்றியிலிருந்து தொடங்குவதைக் கவனியுங்கள். குற்றத்திலிருந்து தொடங்கினால் நொந்த மனம் மேலும் நோகும்.

ஒரே அறையில் எல்லோரும் இருக்கும் வீட்டில் அமைதி கிடைப்பது கடினம். கொட்டாஞ்சேனையில் இருப்போர் வேலை முடிந்து வரும் வழியில் புனித லூசியாள் பேராலயத்திலும், வெள்ளவத்தையில் இருப்போர் புனித லோரன்ஸ் ஆலயத்திலோ கடற்கரையிலோ சற்று அமரலாம். தாய்மாருக்கு அதுவும் முடியாவிட்டால், பிள்ளைகள் உறங்கிய பின் குசினியிலேயே செய்யலாம்.

குழுவாகச் செய்வதற்கும் முன்மாதிரி உண்டு. ஜோன் வெஸ்லி 1738இல் சிறு குழுக்களுக்கு விதிகள் எழுதினார். உறுப்பினர் வாரம் ஒருமுறை கூடி, தம் தவறுகளை ஒருவருக்கொருவர் வெளிப்படையாகச் சொல்லி, ஒருவருக்காக ஒருவர் செபிப்பது அதன் முறை. அவர் வழிவந்த வெஸ்லியன் மிஷனரிமார் 1814இல் இலங்கைக்கு வந்தனர். நாமும் நான்கைந்து பேர் கூடலாம். ஆனால் மூன்று ஒழுங்குகள் வேண்டும். தன் தவறைப் பற்றி மட்டுமே பேச வேண்டும். கேட்டது வெளியே போகக் கூடாது. சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது. கத்தோலிக்கருக்கு ஒப்புரவு அருட்சாதனம் உண்டு; குழுவில் பேசுவது அதற்கு ஆயத்தமே தவிர அதற்கு ஈடாகாது.

முக்கியமாக, ஈடுசெய்தல் இல்லாமல் மனமாற்றம் முழுமை பெறாது. லூக்கா 19இல் சக்கேயு கண்ணீர் விட்டதாக எழுதப்படவில்லை. தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொன்னார். அன்றே அவர் வீட்டுக்கு மீட்பு வந்தது. எமக்கு இழைத்த அநீதிக்கு வாயளவில் வருத்தம் தெரிவித்துவிட்டுக் காணியைத் தராவிட்டால் அது போதுமா என்று நாம் கேட்கிறோம். அதே அளவுகோலை எமக்கும் பிடிக்க வேண்டும்.

6. ஆறு வாரங்களுக்கான ஒழுங்கு

முதல் வாரம்: இழந்தவற்றைக் குடும்பமாக அமர்ந்து பெயர் சொல்லி நினைவுகூருங்கள். வீடு, கிணறு, மரம், மாடு, மனிதர். பிள்ளைகளுக்கு ஊரின் பெயரையும் காணியின் பெயரையும் சொல்லிக் கொடுங்கள். இது பாவக் கணக்கல்ல. இந்தக் கொப்பியைக் கடவுளிடம் கொடுத்து மூடுங்கள்.

இரண்டாம் வாரம்: மற்றக் கொப்பியைத் திறவுங்கள். வீட்டுக்குள் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேளுங்கள். பெற்றோர் பிள்ளைகளிடம் கேட்பதும் இதில் அடங்கும்.

மூன்றாம் வாரம்: கொடுக்க வேண்டிய கடன், சீட்டு, கைமாற்று, பிறர் பொருள் ஆகியவற்றை எழுதுங்கள். ஒன்றையாவது இவ்வாரத்தில் தீருங்கள்.

நான்காம் வாரம்: காணி, எல்லை, முதுசப் பங்கு. பேசாமல் இருக்கும் சகோதரருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள்.

ஐந்தாம் வாரம்: சாதி, மதம், இனம். நாம் தவிர்த்து வந்த அயலவர் ஒருவர் வீட்டுக்குப் போய் வாருங்கள்.

ஆறாம் வாரம், அதாவது புனித வாரம்: பாவசங்கீர்த்தனம், சிலுவைப்பாதை, பெரிய வெள்ளி நோன்பு. உயிர்ப்பு இரவில் ஞானஸ்நான வாக்குறுதிகளைப் புதுப்பித்தல்.

7. நோன்பும் பிடியரிசியும்

கத்தோலிக்க ஒழுங்கின்படி விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் கட்டாய ஒருசந்தி நாள்கள். 18 தொடக்கம் 59 வயது வரையுள்ளோர் முழு உணவு ஒருவேளை மட்டும் உண்பர். நோயாளரும் கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் இதற்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். நீரிழிவுக்கு மருந்து எடுப்போர் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி கிடக்கக் கூடாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உணவில்லாமல் கிடந்தது நோன்பு அல்ல, அது வறுமை. இன்றும் இரண்டு வேளை மட்டும் சாப்பிடும் குடும்பத்திடம் மேலும் பட்டினி கிடக்கும்படி ஆண்டவர் கேட்பதில்லை. எசாயா 58ஆம் அதிகாரத்தின்படி, அநீதியின் கட்டுகளை அவிழ்ப்பதும், பசித்தவரோடு உணவைப் பகிர்வதும், வீடற்றவரைச் சேர்த்துக்கொள்வதுமே கடவுள் விரும்பும் நோன்பு.

எம் தாய்மார் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் இடும் பிடியரிசி வழக்கத்தை இந்த நாற்பது நாளும் மீண்டும் தொடங்கலாம். குழுவில் சேரும் அரிசியைப் பெரிய வெள்ளிக்கு முன் ஒன்றாக்கி, எம்மைவிடத் தேவையுள்ள குடும்பத்துக்குக் கொடுக்கலாம். அந்தக் குடும்பம் எந்த மதம், எந்த இனம் என்று கேட்க வேண்டாம். பெறுபவரின் பெயரை ஆலயத்தில் வாசிக்கவும் வேண்டாம்.

கலந்துரையாடலுக்கான வினாக்கள்

1. "என்ன பாவம் செய்தோமோ" என்று எமது வீட்டில் எப்போது சொல்கிறோம்? லூக்கா 13இல் ஆண்டவர் அதற்கு என்ன பதில் தருகிறார்?
2. "எனக்கு இவ்வளவு நடந்தது" என்று சொல்லி நாம் நியாயப்படுத்தும் ஒரு செயல் எது?
3. ஐந்து நிலங்களில் எது எமது குடும்பத்தில் மிகவும் இறுகிக் கிடக்கிறது?
4. இந்தத் தவக்காலத்தில் ஈடுசெய்யக்கூடிய ஒன்று என்ன? யாரிடம், எந்த நாளில்?

நிறைவாக

உயிர்த்த ஞாயிறு பங்குனி முடிவிலோ சித்திரையிலோ வரும். ஊரில் அது முதல் மழைக்குப் புழுதி உழும் காலம். எம்மில் சிலருக்கு அந்த நிலம் திரும்பக் கிடைத்திருக்கிறது. சிலர் இன்னும் காத்திருக்கிறார்கள். சிலர் இனி ஒருபோதும் உழப்போவதில்லை. எந்த நிலையில் இருந்தாலும், தோட்டக்காரர் எமக்காகக் கேட்டு வாங்கிய ஓராண்டு இது. காணி விடுபடும் நாளை நாம் தீர்மானிக்க முடியாது. வாய்க்காலை அடைத்த மண்ணை இன்றைக்கே எடுத்துவிடலாம்.

செபம்

எங்கள் ஊரையும் எங்கள் கிணற்றையும் அறிந்த ஆண்டவரே, எமக்கு நேர்ந்த அநீதியை நீர் கண்டீர். அதை உம்மிடம் ஒப்படைக்கிறோம். நாங்கள் செய்த தவறையும் நீர் கண்டீர். அதை மறைக்காமல் சொல்லத் துணிவு தாரும். இறுகிய எம் நெஞ்சைக் கொத்திவிடும். நாங்கள் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவும், அடைத்ததைத் திறந்துவிடவும், இந்த ஆண்டிலாவது கனி தரவும் எமக்கு அருள்புரியும். ஆமென்.